சரித்திரக் கதைல புருஷன் சரியில்லாத பொண்ணுங்க: அந்த "மன உறுதி" எங்க இருந்து வருது?

குடியாத்தம்காரி:
ரொம்ப நாளா மனசுல இருக்குறத கேட்டுடறேன். இப்பல்லாம் தொடர்கதை, இ-புக்குன்னு எங்க பாத்தாலும் "அந்தக் காலத்துப் பொண்ணு, கொடுமைக்கார புருஷன், அவ எப்படி எழுந்து நின்னா" வகை சரித்திரக் கதை தான். எனக்கு புடிச்ச வகை தான், விடாம படிக்கிறேன். ஆனா முக்காவாசி ஒரே மாதிரி போவுது. புருஷன் குடிப்பான், இல்ல கூத்தியா வீடே கதின்னு கிடப்பான், மாமியார் சூடு வைப்பா, இவ கொல்லைப்பக்கம் உக்காந்து அழுவா, அடுத்த அத்தியாயத்துல "அவளுக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது"ன்னு ஒரு வரி வரும். அதுக்கப்புறம் அவ வேற ஆளு. கதர் கட்டிக்கினு மேடைல பேசுவா, இல்ல வக்கீலாயிடுவா.

எனக்கு அந்த ஒரு வரில தான் தகராறு. விழிச்சுக்கிச்சு சரி, விழிச்சதும் எதைப் புடிச்சு எழுந்தா? கையில காசு இருந்துச்சா, யார் வீட்டுல போய் நின்னா, ஊர்ல எவன் கேட்டான், எந்த ரூல் இவளுக்கு சாதகமா இருந்துச்சு? இதெல்லாம் சொல்லாம பலம் பலம்னா அது வெறும் புகை.

நானும் ஒன்னு எழுதிக்கினு இருக்கேன். குடியாத்தம் பக்கம், 1900 வாக்குல. நம்ம வடாற்காடு ஜில்லால அந்தக் காலத்துல ஒரு சாதாரணப் பொண்ணுக்கு என்னென்ன வழி நெஜமாவே இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மேலோட்டமா இல்லாம விவரமா வேணும்.

பாலாத்து மணல்:
அக்கா நாவல் எழுதறீங்களா இல்ல தாலுகா ஆபீஸ் ஃபைல் எழுதறீங்களா. வாசகனுக்கு அவ மனசு தான் வேணும். ரூல் நம்பரும் கோர்ட்டு பேரும் போட்டா யாரு படிப்பா. ஒருத்தி உள்ளுக்குள்ள மாறுறது தான் கதை, மிச்சமெல்லாம் செட்டு. எவ்ளோ தகவல் வச்சாலும் மனசைத் தொடலன்னா வேஸ்ட்.

பத்திரம் சார்:
தம்பி சொல்றதும் நியாயம் தான், ஆனா அம்மா கேட்டது வேற. நான் பத்திரம் எழுதுற தொழில்லயே தலை நரைச்சவன், அதனால எனக்குத் தெரிஞ்ச பக்கத்துல இருந்து சொல்றேன். உங்க கதை 1900னு வச்சுக்கிட்டா மொதல்ல ஒன்னு கவனிங்க. வடாற்காடு ஜில்லாவுக்கு அப்ப தலைநகர் சித்தூர், வேலூர் இல்ல. 1911ல சித்தூர் தனி ஜில்லாவா பிரிஞ்சப்புறம் தான் வேலூருக்கு வந்துச்சு. நான் படிச்ச ஒரு கதைல 1895ல கதாநாயகி வேலூர் ஜில்லா கோர்ட்டு படி ஏறுறா. அங்கயே எனக்கு புத்தகம் மூடிப்போச்சு. உங்க ஊர்ப் பொண்ணு ஜில்லா ஜட்ஜை பாக்கணும்னா பரதராமி வழியா வண்டி கட்டிக்கிட்டு சித்தூர் தான் போவணும்.

அடுத்தது, ஜில்லா கோர்ட்டு வரைக்கும் போகாமயே ஒரு வழி இருந்துச்சு. 1898 கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல 488வது பிரிவு. புருஷன் வசதி இருந்தும் பொண்டாட்டிக்கு சோறு போடலன்னா முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் கிட்ட மனு கொடுக்கலாம், மாசம் 50 ரூபா வரைக்கும் ஜீவனாம்சம் உத்தரவு போடலாம். 1923ல தான் அந்த வரம்பு 100 ஆச்சு. எந்த மதம் எந்த சாதின்னு பாக்காத சட்டம். ஆனா அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. "நான் வச்சு காப்பாத்துறேன், வந்து கூட இருக்கச் சொல்லுங்க"ன்னு புருஷன் சொல்லிட்டா இவ ஏன் போவமாட்டேங்கிறான்னு மாஜிஸ்ட்ரேட் பாப்பார். அவன் இன்னொருத்தி கூட தொடுப்புல இருக்கான், இல்லன்னா வழக்கமாவே கொடுமை பண்றான்னு நிரூபிச்சா தான் தனியா இருந்துக்கிட்டே பணம் வாங்கலாம். வழக்கமான்ற வார்த்தையை கவனிங்க. ஒரு நாள் அடிச்சான்றது போதாது. முறையா ரெண்டாவது கட்டிக்கிட்டான்னா அது அப்ப இந்து ஆம்பளைக்கு குத்தமே கிடையாது.

நகையைப் பத்தியும் சொல்லிடறேன். சீர் நகை அவ சொத்து, ஸ்திரீதனம், சரி. ஆனா பழைய சாஸ்திரப்படி பஞ்சத்துலயோ நோய்லயோ கடன்காரன் புடிச்சு உள்ள வச்சாலோ புருஷன் அதை எடுத்துக்கலாம், திருப்பித் தரணும்னு கட்டாயம் இல்ல. தாது வருஷப் பஞ்சத்துல, அதாவது 1876லருந்து 78 வரைக்கும், எத்தனை வீட்டுல கம்மலும் காப்பும் மார்வாடி கடைக்கும் செட்டியார் கடைக்கும் போயிருக்கும்னு யோசிங்க. அவன் கொடுமைக்காரனா இருக்கணும்னு கூட இல்ல.

குடியாத்தம்காரி:
சார் இது தான், இதைத் தான் கேட்டேன்! தாது வருஷத்துல மாமியாரோட நகை போனது மருமவளுக்குத் தெரியும்னா அவ கம்மலை எங்க ஒளிப்பான்னு யோசிச்சாலே ஒரு அத்தியாயம் வந்துடும். மணல் தம்பி, இது செட்டு இல்லப்பா, மனசு மாறுறதே இங்க தான். "என் நகை என்னுது"ன்னு நெனச்சிருந்தவளுக்கு அது அப்படி இல்லன்னு புரியுற நாள்.

கோலார் பேரன்:
நானும் வரேன். எங்க தாத்தாவோட நைனா பேர்ணாம்பட்டு பக்கத்து கிராமம், கோலார் தங்க வயலுக்குப் போனவரு. 1880ங்கள்ல வெள்ளக்காரன் கம்பெனி சுரங்கம் ஆரம்பிச்சதும் நம்ம ஜில்லால இருந்து ஊர் ஊரா போனாங்கோ, சேரி ஜனம் தான் அதிகம், பண்ணையார் கிட்ட அடிமையா கிடக்குறதுக்கு பூமிக்குள்ள இறங்குறதே மேல்னு. இத்த எழுதுறவங்க ஆம்பளை போனதோட நிறுத்திடுறாங்கோ. ஊர்ல நின்ன பொம்பளை இன்னா பண்ணா? அவ தான் ஏர் புடிக்க ஆள் வச்சா, மாடு வித்தா வாங்கினா, வெளைச்சல்ல பங்குக்கு வாரம் பேசினா. மணியார்டர் வந்தா வந்துச்சு இல்லன்னா இல்ல. அங்க லைன் வூட்ல இன்னொருத்தி கூட குடும்பம் ஆயிடும், இங்க தாலி இருக்கும் ஆள் இருக்கமாட்டான். எங்க ஆயா சொல்லும், "அவரு இருந்தப்ப எனக்கு பேச்சு இல்ல, போனப்புறம் தான் ஊர்ல என்னை பேர் சொல்லி கூப்ட்டாங்கோ"ன்னு அதோட மாமியார் சொன்னத. சந்தோஷமான்னா இல்ல. ஆனா பலம்னா அதுதான் பலம், புருஷன் வந்து கொடுத்தது இல்ல அவன் போனதால வந்தது.

அதே மாதிரி கப்பல். 1860ல மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்கு மொத கப்பல் போச்சு, கரும்புத் தோட்டத்துக்கு. 1911 வரைக்கும் ஆள் அனுப்பிக்கினே இருந்தாங்கோ, வடாற்காட்டுல இருந்து ரொம்பப் பேரு. 100 ஆம்பளைக்கு 40 பொம்பளை இருக்கணும்னு ரூல் இருந்துச்சு, அதனால தனியா வர பொம்பளைய தரகனுங்க சந்தை, சத்திரம், திருவிழான்னு தேடிக்கினு திரிஞ்சானுங்கோ. புருஷன் வீட்ட விட்டு கிளம்பினவளுக்கு அது ஒரு கதவு. ஏமாத்து வேலையும் நெறைய, போன எடத்துல சவுக்கடியும் உண்டு. ஆனா பெயர்ப் பட்டியல்ல அவ பேரு, அப்பன் பேரு, வயசு, சாதி, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதி வச்சிருக்கான். நம்ம ஊர்ல எந்த ஏட்டுலயும் அவ பேரு இல்ல, கப்பல்காரன் ஏட்டுல இருக்கு.

ஆம்பூர் ரோஜா:
எல்லாரும் தாலி, நகை, சித்தூர்னே பேசறீங்களே, நம்ம ஜில்லால வாணியம்பாடி ஆம்பூர் பேர்ணாம்பட்டு மேல்விஷாரம்னு இத்தனை ஊர் இருக்கே. சரித்திரக் கதைல முஸ்லிம் பொண்ணு வந்தாலே ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறது ஒன்னு தான் அவ வேலை. எங்களுக்கு நிக்காஹ் ஒப்பந்தம், மஹர், அதாவது மாப்ள பொண்ணுக்குத் தர வேண்டிய பணம், எவ்ளோன்னு பேசி எழுதுறது. குலா கேக்குற உரிமை மார்க்கத்துலயே இருக்கு, மஹரை திருப்பிக் கொடுத்துட்டு விடுதலை வாங்கிக்கிறது. நடைமுறைல புருஷன் சம்மதிக்காம இழுத்தடிப்பான், அது தான் பிரச்சனையே. 1939ல தான் சட்டமா வந்துச்சு, 4 வருஷம் ஆள் எங்கன்னே தெரியல, 2 வருஷம் செலவுக்குக் கொடுக்கலன்னா கோர்ட்டுல நிக்காஹை முறிச்சுக்கலாம்னு. இந்துப் பொண்ணுங்களுக்கு மெட்ராஸ் மாகாணத்துல அதுக்கு பத்து வருஷம் கழிச்சு 1949ல தான் விவாகரத்து சட்டமே வருது. இதையும் யாராவது ஒரு கதைல எழுதலாம், பக்கத்து பக்கத்து தெருவுல ரெண்டு சிநேகிதிங்க, ஒருத்திக்கு வழி இருக்கு இன்னொருத்திக்கு இல்ல.

இன்னொன்னு, வேலூர்ல சரித்திரக் கதைன்னா எல்லாரும் 1806 சிப்பாய் கலகத்துக்குத் தான் ஓடுறாங்க. ஜூலை 10 விடிகாலை சுட ஆரம்பிச்சாங்க, சரி. அதுக்கு முந்தின நாள் கோட்டைக்குள்ள திப்பு சுல்தான் பொண்ணுக்கு கல்யாணம். கல்யாணக் கூட்டத்தை சாக்கா வச்சு தான் ஆளுங்க உள்ள சேர்ந்தாங்கன்னு சொல்றாங்க. நான் படிச்சதுல அந்தக் கல்யாணப் பொண்ணு ஒரு வரி தான் வர்றா. அப்பா செத்து 7 வருஷம், கோட்டைக்குள்ள கைதியா வளர்ந்தவ, கல்யாணத்துக்கு மறுநாள் வாசல்ல ரத்தம், அப்புறம் அண்ணன் தம்பிங்களை கல்கத்தாவுக்கு ஏத்திட்டாங்க. அவ அந்தக் கல்யாணத்தை எப்படி வாழ்ந்தா? அந்தக் குடும்பத்துப் பொம்பளைங்க சமாதி இன்னும் வேலூர்ல இருக்கு, சிப்பாய் தூண் பக்கம் செல்ஃபி எடுக்குற கூட்டத்துல பாதி கூட அங்க போறதில்ல.

மரபுக்காவலன்:
எல்லாம் இப்பத்திய பெண்ணியத்தை பழசுல ஏத்துறீங்க. அந்தக் காலத்துல டைவர்ஸ் இருந்துச்சா? இல்ல. குடும்பம் நிம்மதியா தானே இருந்துச்சு.

பத்திரம் சார்:
டைவர்ஸ் சட்டம் இல்லாததை நிம்மதிக்கு ஆதாரமா காட்டுறது புதுசா இருக்கு. போலீஸ் ஸ்டேஷன் இல்லாத ஊர்ல திருட்டு கேஸ் பதிவாகலன்றதால திருட்டே நடக்கலன்னு சொல்லிடலாமா. இன்னொன்னு, சட்டம் 1949ல வந்தாலும் பல சாதில தீர்த்து விடுறது, அறுத்துக் கட்டுறது ரெண்டும் பழைய வழக்கம். ஊர்ப் பெரியவங்க முன்னால பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு தாலியைக் கழட்டி வச்சா முடிஞ்சுது, அடுத்த கல்யாணம் பண்ணிக்கலாம். இதைக் கேவலம்னு மேல் சாதிக்காரங்க பேசினாங்க, அப்புறம் நாங்களும் உசந்தவங்கன்னு காட்டிக்க ஒவ்வொரு சாதியா அந்த வழக்கத்தையே மறைச்சுது. மரபுன்னு நீங்க சொல்றது யார் வீட்டு மரபு ஐயா?

பாலாத்து மணல்:
பத்திரம் சார் இங்க தான் எனக்கு ஒரு விஷயம் உறைக்குது. நம்ம கதாநாயகிங்க எல்லாம் ஏன் அக்ரகாரத்துப் பொண்ணாவோ ஜமீன் வீட்டுப் பொண்ணாவோ இருக்காங்கன்னா அவங்களுக்கு தான் வெளிய போற வழியே இல்ல, அடைஞ்சு கிடக்குற சோகத்தை எழுதறது ஈஸி. அறுத்துக் கட்டுற வீட்டுப் பொண்ணை எழுதினா அவ ரெண்டாம் அத்தியாயத்துலயே கிளம்பிடுவா, கதை என்ன ஆவுறது. ஆனா அங்க வேற கஷ்டம், பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அப்பன் கிட்ட இருக்கணும், தம்பி கல்யாணத்துக்கு அந்தக் காசை செலவு பண்ணியிருப்பாங்க, புள்ளைங்களை புருஷன் வீடு வச்சுக்கும். அப்ப அவ நிக்கிறது சட்டம் தடுக்குறதால இல்ல, காசும் புள்ளையும். இதை எழுதினா நான் படிப்பேன். மனசு தான் கதைன்றதை மட்டும் இன்னும் விடல.

கூத்துப் பைத்தியம்:
மனசுன்னு சொன்னதும் வந்தேன். கோர்ட்டு, கப்பல், சுரங்கம் எல்லாம் சரி, ஆனா நம்ம ஜில்லா பொம்பளைங்களுக்கு கோவத்தைக் கத்துக் கொடுத்தது கூத்து மேடை. பாரதக் கூத்துல துரோபதை சபைல தலைவிரி கோலமா நின்னு அஞ்சு புருஷனையும் பாத்து கேக்குற கேள்வி இருக்கே, விடிய விடிய உக்காந்து பாக்குற பொம்பளை எவளும் அதை மகாபாரதம்னு மட்டும் கேக்கல. அஞ்சு பேர் இருந்தும் ஒருத்தனும் வாயைத் தொறக்கலன்றது அவ வீட்டுக் கதை.

குடியாத்தம்காரி அக்கா, உங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவையே விட்டுட்டீங்களே. வைகாசி 1 அன்னிக்கு தரணம்பேட்டைல இருந்து சிரசு ஊர்வலமா வந்து கோபாலபுரம் கோயில்ல சண்டாளச்சின்னு கதைல வர்ற இன்னொரு பொண்ணோட உடம்புல பொருத்துறாங்க. கதை என்ன? ரேணுகா ஒரு நிமிஷம் மனசு சலிச்சதுக்கு ஜமதக்கினி புள்ளைய விட்டே தலையை வெட்டச் சொல்றாரு. அப்பன் பேச்சைத் தட்டாத புள்ளைன்னு பரசுராமனைப் பத்தி எத்தனையோ பேர் பேசறாங்க, ஆனா நம்ம ஜனம் பால் ஊத்தி தேங்கா உடைச்சு கும்புடறது வெட்டுப்பட்ட தலையை. படவேட்டுலயும் அவ தான் உக்காந்திருக்கா. தப்பு பண்ணலன்னு வாதாடல, வெட்டினவனுக்கு கோயில் கட்டல, வெட்டுப்பட்டவளுக்கு கட்டினாங்க. இந்த ஜில்லால கல்யாணக் கசப்பைப் பத்தி கதை எழுதறவங்க இதைத் தொடாம போறது எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் சாமி வர்றது. ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப உங்க கதாநாயகிக்கு சாமி வரட்டும். வருஷம் முழுக்க வாயைத் தொறக்காதவ, அன்னிக்கு ஊர் முன்னாடி "டேய், என்னைப் பட்டினி போட்டவனே, என் கொழந்தை வயித்துல அடிச்சவனே"ன்னு கேப்பா. அவன் கை கட்டிக்கினு "சொல்லு தாயே, என்ன குறை வச்சேன்"னு நிக்கணும். மாமியார் கற்பூரம் ஏத்தணும்.

குடியாத்தம்காரி:
கூத்துப் பைத்தியம் அண்ணா, சிரசு எனக்கு ரொம்ப கிட்ட இருக்குறதால எழுத பயம், அவ்ளோ தான். ஆனா சாமி வர்ற விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஒரு நாள் கத்த விட்டுட்டு மறுநாள்ல இருந்து அதே அடுப்படி. ஊருக்கும் வசதி, அவளும் கொட்டித் தீத்துட்டா. இதை பலம்னு எழுதினா நானும் "ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது" கோஷ்டில சேந்துடுவேனே.

கூத்துப் பைத்தியம்:
மறுநாள் அதே அடுப்படி தான், மறுக்கல. ஆனா ஊர் கேட்டுடுச்சு இல்ல? அடுத்த தடவை பஞ்சாயத்துல அவன் "நான் கை வச்சதே இல்ல"ன்னா, ஆத்தா சொன்னாளே டான்னு நாலு பேர் சொல்லுவான். சாமி சொன்னதை சாட்சியா எடுத்துக்க முடியாது, ஆனா காதுல விழுந்ததை அழிக்க முடியாது.

வார்டு சிஸ்டர்:
நைட் டூட்டி முடிச்சுட்டு படிச்சேன், ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிட்டு தூங்கப் போறேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் கதை எல்லாருக்கும் தெரியும், ஒரே ராத்திரில மூணு புருஷன்மார் வந்து பொண்டாட்டிக்கு பிரசவம்னு கூப்பிட்டாங்க, டாக்டரான அவங்க அப்பாவை வேணாம்னாங்க, ஆம்பளைன்னு. மூணு பொண்ணும் செத்துட்டாங்க. நாங்க இதை ஐடா அம்மாவோட கதையா தான் கேட்டு வளர்ந்தோம். ஆனா அந்த மூணு பேர்ல யாரும் கொடுமைக்காரன் இல்ல, ராத்திரில ஓடி வந்திருக்கான், பாசம் இருந்திருக்கு. அப்படியும் அவ செத்தா. சரித்திரக் கதைல புருஷனை குடிகாரனாக்கிட்டா இந்த மாதிரி சாவுக்கு எடமே இல்லாம போயிடுது. அப்புறம் 1902ல ஷெல் ஆஸ்பத்திரி, 1909ல நர்ஸிங் ஸ்கூல், 1918ல பொம்பளைங்களுக்கு மட்டும் மெடிக்கல் ஸ்கூல், எல்லாம் வேலூர்ல. உங்க கதை 1909 வரைக்கும் போனா அவ கையில ஒரு சம்பளம் வர்ற வழி இருக்கு.

ரெண்டாவது, மிஷன் பக்கம் போனா கல்யாணப் பிரச்சனை தீந்துடும்னு எழுதிடாதீங்க. 1869 விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவங்களுக்கு. புருஷனுக்கு பொண்டாட்டி தப்பு பண்ணான்ற ஒன்னு போதும், பொண்டாட்டிக்கு அது பத்தாது, கூடவே கொடுமையோ விட்டுட்டுப் போனதோ நிரூபிக்கணும். 2001 வரைக்கும் அப்படியே தான் இருந்துச்சு.

ஆம்பூர் ரோஜா:
சம்பளம்னதும் ஞாபகம் வருது, வெளிய போகாமயே காசு பாக்குற வழியையும் கதைல வைங்கப்பா. பீடி சுத்துறது, தறிக்கு நூல் சுத்திக் கொடுக்குறது. எந்தெந்த வருஷத்துல எந்த ஊர்ல எது இருந்துச்சுன்னு பாத்து வைங்க. அந்தக் காசு யார் கைக்கு போச்சுன்றது தான் கதை. ஏஜென்ட்டு புருஷன் கிட்ட கொடுத்தானா அவ கிட்ட கொடுத்தானா.

குடியாத்தம்காரி:
சரி எல்லாம் சேத்து ஒரு கோடு போட்டிருக்கேன். 1903. அந்த நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்து வாணியம்பாடியையே அடிச்சுட்டுப் போச்சு இல்ல, அவ அம்மா வீடு அங்க. போய் நிக்கறதுக்கு இருந்த ஒரே வீடு போச்சு. புருஷன் நெசவு, தறி சொந்தம், வசதி இல்லாம இல்ல. நூல் சுத்துறது இவ, காசு வாங்குறது அவன். சித்தூர் வேணாம், 488 மனு தான் போடப் போறா. கதர் இல்ல, மேடை இல்ல. மாசம் 6 ரூபா கேக்கறா, முழு நாவலும் அந்த 6 ரூபாவுக்குத் தான்.

பாலாத்து மணல்:
அக்கா இது நல்லா இருக்கு. 6 ரூபான்னதும் எனக்கு அவ மூஞ்சி தெரியுது. மனசும் வந்துடுச்சு, ஃபைலும் வந்துடுச்சு.

பத்திரம் சார்:
அம்மா, மனு போட்டதும் அவன் வக்கீல் வச்சு "வந்து குடும்பம் நடத்தச் சொல்லுங்க"ன்னு தான் பதில் சொல்லுவான். அப்ப வழக்கமான கொடுமைன்னு காட்ட வீட்டுக்குள்ள நடந்ததைப் பாத்த சாட்சி வேணும். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் கேட்டேன்னு தான் சொல்ல முடியும். அம்மா வீட்டுல சாட்சி சொல்ல ஆளே இல்ல, வெள்ளத்துல போச்சுன்னு நீங்களே எழுதிட்டீங்க. சாட்சி யாருன்னு முடிவு பண்ணாம மேல எழுதாதீங்க.

குடியாத்தம்காரி:
முடிவு பண்ணிட்டேன் சார். மாமியார். தாது வருஷத்துல தன் காப்பை இழந்தவ. அவ புருஷனும் அடிச்சவன் தான், இப்ப புள்ளை அடிக்கிறான். வழக்கமாவான்னு மாஜிஸ்ட்ரேட் கேட்டா அந்த வீட்டுல அதுக்கு பதில் சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆளு அவ தான்.

கோலார் பேரன்:
அய்யே, பெத்த புள்ளைக்கு எதிரா சாட்சியா? அதுக்கப்புறம் அந்தக் கெழவி எந்த வூட்ல சோறு துண்ணும்?

குடியாத்தம்காரி:
அதனால தான் 6 ரூபா. மருமவளுக்கு 4, கெழவிக்கு 2. கணக்கு போட்டுட்டுத் தான் ரெண்டு பேரும் வண்டி ஏறுறாங்க.